கடைத்தெருவை வரைய எந்தச் செயலி? கல்லூரி மாணவர்களின் வரைபடத் திட்டங்களுக்கு நான்கு கருவிகள்

பினாங்கின் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் முகப்பு ஐந்து, ஆறு மீட்டர்தான். கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸோ வெட்டவெளியிலேயே ஏறக்குறைய 5 மீட்டர் பிசகும். கடைவீடுகளின் முன்னால் ஓடும் மூடிய நடைபாதையான அஞ்சடிக்குள் நின்றால் தலைக்கு மேல் மாடி, எதிரே சுவர். அலை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் பிசகு இன்னும் கூடும். புடவைக் கடை வாசலில் நின்று குத்திய புள்ளி இரண்டு வீடு தள்ளி நகைக்கடையிலோ, தெருவுக்கு அந்தப் பக்கமோ போய் உட்கார்ந்துவிடும். எண்ணியல் வரைபடத்தை வகுப்பறைக்கு வெளியே, தெருவில் வைத்துக் கற்பிக்க நினைக்கும் விரிவுரையாளர்கள் செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். நல்ல கருவி ஜிபிஎஸ்ஸை அப்படியே நம்பாது. புள்ளியை மாணவர் கையால் நகர்த்திச் சரியான வாசலில் வைக்க விடும்.

இங்கே நான்கு கருவிகளை எடைபோடுகிறோம்: எல்லாருக்கும் பொதுவான இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நேரே எழுதும் எவ்ரி டோர், கியூஜிஐஎஸ் என்ற கணினி வரைபட மென்பொருளின் கைப்பேசி வடிவமான கியூஃபீல்டு, கேள்விப் படிவத்துக்கான கோபோ டூல்பாக்ஸ், முடிந்த வரைபடத்தை இணையத்தில் காட்டும் யூமேப். நான்கையும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். அளவுகோல் ஒன்றுதான்: 14 வார செமஸ்டர் முடிந்து மாணவர்கள் போன பிறகு, அந்தத் தெருக்காரர்களால் வரைபடத்தைத் திறக்கவும் படிக்கவும் திருத்தவும் முடிகிறதா? முடியாவிட்டால் மாணவருக்கு மதிப்பெண் கிடைத்திருக்கும், தெருவுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

எவ்ரி டோர்: முதல் திட்டத்துக்கு இதுவே போதும்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், மூலத்தைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். எவ்ரி டோர் அதன்மேல் இயங்கும் செயலி. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைப்பது வகுப்புக்குப் பெரிய வசதி. இதே வேலைக்குப் பலர் பரிந்துரைக்கும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் ஆண்ட்ராய்டுக்கானது. ஐபோன் வைத்திருக்கும் மாணவர்களை அது வெளியே நிறுத்திவிடும். ஆனால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட்டில் குழு முறை என்று ஓர் அமைப்பு உண்டு. குழுவில் எத்தனை பேர், நீங்கள் எத்தனையாவது ஆள் என்று கொடுத்தால் கேள்விகளைத் தானே பிரித்துக் கொடுக்கும். ஒரே தெருவில் ஆறு பேர் ஒரே கேள்விக்குப் பதில் எழுதும் குழப்பம் வராது.

எவ்ரி டோரின் பலம், பக்கத்தில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் கடைகளை முதலில் காட்டுவது. மாணவர் செய்யும் பிழைகளில் மிக அதிகமாக வருவது இரட்டைப் பதிவுதான். கணினியில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் இணைய வரைவுக் கருவியான ஐடி எடிட்டரைத் திறந்து வரைபவர், கட்டடத்தின் மேலேயே கடையின் பெயர் எழுதியிருப்பதைக் கவனிக்காமல் புதுப் புள்ளி ஒன்றை வைத்துவிடுவார். எவ்ரி டோரில் கடை பட்டியலில் இருந்தால் அதைத் தொட்டு, இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, பார்த்த தேதியைப் பதித்துவிட்டு நகரலாம். இல்லாவிட்டால்தான் புதிதாகச் சேர்க்க வேண்டும். அப்போதும் செயலி காட்டும் இடத்தில் வைக்காமல், தெருமுனையிலிருந்து வாசல்களை எண்ணிக்கொண்டே வந்து வைக்கச் சொல்லுங்கள். "முனையிலிருந்து நான்காவது வாசல்" என்பது ஜிபிஎஸ்ஸைவிட நம்பகமானது.

மூன்று பேர் கொண்ட குழு சரியாக வரும். ஒருவர் கைப்பேசி, ஒருவர் அச்சிட்ட தாளும் பென்சிலும், ஒருவர் கடைக்காரரிடம் பேச்சு. கடைக்கு 3 நிமிடம் என்று வைத்தால் இரண்டு மணி நேரத்தில் 40 கடை. கடை திறந்து சாம்பிராணி போட்டு முதல் வியாபாரம் ஆகும்வரை கேள்வி கேட்காமல் இருப்பது மரியாதை. உச்சி வெயிலில் திரையும் தெரியாது, மாணவரும் வாடிப்போவார்கள். பேசுபவர் "அண்ணே, வணக்கம், கடைப் பேரையும் திறக்கிற நேரத்தையும் வரைபடத்துல போடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் குறிக்க வேண்டும். வேண்டாம் என்றால் அடுத்த கடை.

பெயரை எப்படி எழுதுவது என்பதில்தான் தமிழ் மாணவர்களின் கை இங்கே தேவைப்படுகிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பொதுப் பெயருக்கு ஒரு கட்டம், தமிழ்ப் பெயருக்குத் தனிக் கட்டம், வேறு வழக்குப் பெயருக்கு இன்னொரு கட்டம் உண்டு. லெபு பாசாரை மூத்தவர்கள் கடைத்தெரு என்பார்கள். அந்தப் பெயர் வழக்குப் பெயர்க் கட்டத்தில் போக வேண்டும். பொதுப் பெயரை அழித்துவிட்டு அங்கே எழுதினால் இன்னொருவர் வந்து மாற்றிவிடுவார், அவர் செய்வதும் சரிதான். கடைப் பெயரைக் காதால் கேட்டு எழுதக் கூடாது. பலகையைப் படமெடுத்து, அதில் உள்ள எழுத்துக் கூட்டலை அப்படியே தட்ட வேண்டும். பலகையில் தமிழ் இல்லாத கடைக்கு மாணவர் தாமாகத் தமிழாக்கிப் போடுவதும் தவறு.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி உண்டு. கோயில் பெயர்களின் தொடக்கத்தில் வரும் "ஸ்ரீ" யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஒன்று ஸகரத்தில் தொடங்கும். மற்றது 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தேடும்போது ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. லெபு குயீனில் உள்ள, 1833இல் கட்டப்பட்ட ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தை ஒரு மாணவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் பதிந்தால், பட்டியலில் இரண்டு கோயில் வந்து நிற்கும். முதல் வகுப்பிலேயே எல்லாரையும் ஒரே விசைப்பலகைக்குக் கொண்டுவருவது எளிய தீர்வு. செல்லினமோ ஜிபோர்டோ, எதுவானாலும் ஒன்று. அதற்குப் பிறகும் வகுப்புப் பட்டியலை ஒருமுறை "ரீ" என்று மட்டும் தேடி ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கணினியில் கட்டடம் வரைவதற்குத் தனி எச்சரிக்கை. செயற்கைக்கோள் படம் சில மீட்டர் விலகியிருக்கலாம். பின்னணியை ஒரு நிறுவனத்தின் படத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்த்தாலே கட்டடங்கள் நகர்வது தெரியும். புது மாணவர், ஏற்கெனவே சரியாக இருக்கும் தெருவையெல்லாம் தன் முன்னால் இருக்கும் படத்துக்கு இழுத்துப் பொருத்திவிடுவார். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு: படத்தின் விலகலைச் சரிசெய்துவிட்டு வரைய வேண்டும். உயரமான கட்டடம் படத்தில் சாய்ந்து தெரியும். கொம்தாரை அதன் உச்சியை வைத்து வரைந்தால் கோபுரம் பக்கத்துச் சாலைக்குப் போய்விடும். அடித்தளத்தைத் தேடி வரையுங்கள். கடைவீட்டு வரிசைக்கு ஜோஸ்ம் என்ற கணினிச் செயலியில் டெரசர் என்ற துணைநிரல் இருக்கிறது. வரிசை முழுவதையும் ஒரே செவ்வகமாக வரைந்து, இத்தனை வீடு என்று சொன்னால் வெட்டித் தந்து கதவு எண்ணையும் போட்டுவிடும். ஆனால் அது சமமாக வெட்டும். ஜார்ஜ்டவுன் கடைவீடுகள் எல்லாம் ஒரே அகலம் இல்லை. 12 வீட்டு வரிசையில் நடுவே ஓர் அகல வீடு இருந்தாலும் அதற்குப் பிறகு வரும் சுவர்கள் எல்லாம் தள்ளிப்போகும். வெட்டிய பிறகு நடந்து போய்ச் சரிபார்க்க முடியுமானால் மட்டும் பயன்படுத்துங்கள்.

எவ்ரி டோரை வைத்துச் செய்யக்கூடிய திட்டங்களில் எங்கள் மனத்துக்கு மிக நெருக்கமானது சக்கர நாற்காலித் திட்டம். கடை வாசலில் படியே இல்லையென்றால் "போகலாம்". ஒரே படி, அதுவும் 7 சென்டிமீட்டருக்கு மேற்படாமல் இருந்தால் "ஓரளவு". அதற்கு மேல் என்றால் "முடியாது". வீல்மேப் வரைபடம் கடைப்பிடிக்கும் அளவு இது. மாணவர் கையில் ஓர் அடிக்கோல் இருந்தால் போதும். அஞ்சடியில் இந்த அளவு எடுக்கும்போதுதான் கடைக்குக் கடை தரை மட்டம் மாறுவதும், வாய்க்கால் மேல் போட்ட பலகைக்கும் வாசலுக்கும் இடையே உள்ள இடைவெளியும், வழியை அடைத்து நிற்கும் மோட்டார் சைக்கிளும் கண்ணில் படும். மோட்டார் சைக்கிளை வரைபடத்தில் போட முடியாது. படியைப் போடலாம். கால் வலியோடு கோயிலுக்கு வரும் பாட்டிக்கு எந்தப் பக்கமாக வந்தால் படி குறைவு என்று சொல்லும் வரைபடம், மாணவர் வீட்டிலும் பேசப்படும்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை சில. கணக்கைத் திறப்பதை வகுப்பு நாளுக்கு விடாதீர்கள். ஒரே வளாக இணைப்பிலிருந்து 40 பேர் ஒரே நேரத்தில் பதிவுசெய்தால் தடை விழலாம், உறுதி மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குப் போகலாம். முதல் நாளே அவரவர் சொந்த இணைப்பில் திறக்கட்டும். வகுப்பாகச் சேர்ந்து திருத்துவது ஓபன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையின் 2018 வழிகாட்டுதலின்படி அமைப்புசார் திருத்தம். திட்டத்தைப் பற்றிய பக்கம் ஒன்றை அவர்களின் விக்கியில் எழுத வேண்டும், எல்லாத் திருத்தங்களிலும் ஒரே அடையாளச் சொல்லைப் போட வேண்டும். அந்தச் சொல் இருந்தால்தான் ஆசிரியர் ஓஎஸ்எம்சா என்ற தளத்தில் அத்தனை மாணவர் திருத்தங்களையும் ஒரே இடத்தில் பார்த்துத் திருத்திக் கொடுக்க முடியும். கூகுள் வரைபடத்தைப் பார்த்து ஒரு கடைப் பெயரைக்கூட எடுக்கக் கூடாது. உரிமச் சிக்கல் வரும், கண்டுபிடித்தால் மொத்தத்தையும் நீக்குவார்கள்.

கியூஃபீல்டு: ஆழமானது, ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும்

2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்குக்கு வாய்க்கால் வரைபடம் எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. தான்சானியாவின் டார் எஸ் சலாமில் 2015இல் தொடங்கிய ரமானி ஹுரியா திட்டத்தில் பல்கலைக்கழக மாணவர்களும் குடியிருப்பாளர்களும் சேர்ந்து வெள்ளம் தேங்கும் பகுதிகளில் வாய்க்கால்களை வரைந்தார்கள். அதே வேலையை இங்கே செய்ய எவ்ரி டோர் போதாது. அகலம், ஆழம், அடைப்பு, படம், பார்த்த நாள் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஆறேழு விவரம் வேண்டும். அதற்குக் கியூஃபீல்டு.

கணினியில் கியூஜிஐஎஸ்ஸில் திட்டத்தை அமைத்து, கியூஃபீல்டுசிங்க் துணைநிரல் வழியாகக் கைப்பேசிக்கு அனுப்புகிறோம். கைப்பேசியில் எவ்வளவு எளிதாக இருக்கும் என்பது கணினியில் எவ்வளவு யோசித்தோம் என்பதைப் பொறுத்தது. அடைப்பு நிலையைத் தட்டச்சு செய்ய விடாமல் தேர்வுப் பட்டியலாக வையுங்கள்: இல்லை, பாதி, முழுதும். அகலத்துக்கு 0.1 முதல் 10 மீட்டர் என எல்லை போடுங்கள். சென்டிமீட்டரில் 60 என்று எழுதுபவரை அது அங்கேயே நிறுத்தும். கோட்டின் முனைகள் ஒட்டிக்கொள்ளும் அமைப்பைக் கணினியிலேயே இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கண்ணுக்குச் சேர்ந்ததாகத் தெரியும் இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே அரை மீட்டர் இடைவெளி இருக்கும், நீர் எங்கே போகிறது என்ற கணக்கு அங்கே அறுந்துவிடும். நீர் ஓடும் திசையிலேயே கோட்டை வரைய வேண்டும். திசை தெரியாவிட்டால் ஓர் இலையைப் போட்டுப் பார்க்கலாம். மழை நாளில் யாரும் வாய்க்கால் ஓரம் நிற்கக் கூடாது.

படம் சேமிப்பது தனித் தொல்லை. கைப்பேசி எடுக்கும் படம் ஒன்று 4 மெகாபைட் என்றால் 300 படம் 1.2 கிகாபைட். இலவச மேகச் சேமிப்பு முதல் நாளே நிரம்பும். படத்தின் நீண்ட பக்கத்தை 1280 புள்ளியாகக் குறைக்கும் அமைப்பை முன்பே போடுங்கள். அடைப்பைப் பார்க்க அதுவே தாராளம்.

இன்னொன்று, குழுக்களின் கோப்புகளைச் சேர்க்கும்போது வருவது. ஒவ்வொரு கைப்பேசியும் தன் பதிவுகளை 1, 2, 3 என்று எண்ணும். ஐந்து கைப்பேசிகளைச் சேர்த்தால் ஐந்து ஒன்றாம் எண்கள். ஒரு வாய்க்காலுக்கு எடுத்த படங்கள் இன்னொரு வாய்க்காலுக்குக் கீழே போய்த் தொங்கும். ஒவ்வொரு பதிவுக்கும் உலகில் வேறெங்கும் வராத நீள அடையாளத்தைத் தானாக இடும் யூயூஐடி வசதி கியூஜிஐஎஸ்ஸில் இருக்கிறது. அதை இயல்பு மதிப்பாகப் போட்டு, இணைப்பை அதன் வழியாகவே கட்டுங்கள். களப்பணி முடிந்த பிறகு இதைச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை.

கோப்பு வகை ஜியோபேக்கேஜ் ஆகவே இருக்கட்டும். பழைய பாடத்திட்டங்கள் இன்னும் ஷேப்ஃபைலைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன. தமிழுக்கு அது ஒத்துவராது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் இடம் வேண்டும். "மாரியம்மன்" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: ம, கால், ர, இகரக் கொக்கி, ய, ம, புள்ளி, ம, ன, புள்ளி. 10 குறியீடு, 30 பைட். புலத்தின், அதாவது அட்டவணைப் பத்தியின், அகலத்தை 30 என்று வைத்த மாணவருக்கு "மாரியம்மன்" வரும், "மாரியம்மன் ஆலயம்" வராது. புலத்தின் பெயருக்கே 10 பைட்தான் இடம் என்பதால் தமிழில் மூன்று குறியீட்டுக்கு மேல் போகாது. ஏன் பெயர் அறுந்தது என்று புரியாமல் மாணவர் நாள்கணக்கில் தடுமாறுவார்.

இடத்தை எண்களால் குறிக்கும் ஆயத்தொலை முறையும் சொல்ல வேண்டும். பினாங்கும் கோலாலம்பூரும் யூடிஎம் 47 வடக்கு மண்டலத்தில் வருகின்றன. ஆயத்தொலை முறைகளை அடையாளம் காட்டும் ஈபிஎஸ்ஜி எண் இதற்கு 32647. தீபகற்ப மலேசியாவின் ஆர்எஸ்ஓ முறைக்கு 3375. மீட்டரில் அளக்கும் வேலை எல்லாம் இவற்றில் ஒன்றில் நடக்க வேண்டும். பாகையில் அளக்கும் 4326இல் வைத்துக்கொண்டு, தமிழ்ப்பள்ளியைச் சுற்றி 400 என்று வட்டம் போட்டால் கணினி 400 பாகை என்று எடுத்துக்கொள்ளும். வட்டம் உலகத்தையே விழுங்கிவிடும்.

கற்றுக்கொடுக்கும் ஆழத்தில் நான்கிலும் கியூஃபீல்டுதான் முதலிடம். நம் அளவுகோலில் அது பின்தங்குகிறது. செமஸ்டர் முடிந்தால் திட்டக் கோப்பு ஆசிரியரின் மடிக்கணினியில் தங்கிவிடுகிறது. குடியிருப்பாளர் சங்கத்தில் கியூஜிஐஎஸ் தெரிந்தவர் ஒருவராவது இல்லாவிட்டால் அந்த வாய்க்கால் வரைபடம் அடுத்த ஆண்டு பழையதாகிவிடும். எனவே வாய்க்காலின் இருப்பிடம், திசை, அகலம் ஆகியவற்றையாவது ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மாற்றிக் கொடுப்பதைத் திட்டத்தின் ஒரு பகுதியாக வையுங்கள்.

கோபோ டூல்பாக்ஸ்: வெளியே போகக் கூடாதவற்றுக்கு

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கிய 2000க்குப் பிறகு ஜார்ஜ்டவுன் நகர மையத்திலிருந்து பல குடும்பங்கள் வெளியேறின. இன்னும் இருப்பவர்கள் யார், எந்த மாடியில் முதியவர் தனியாக இருக்கிறார் என்பது சங்கத்துக்குத் தேவையான தகவல். அது ஒருபோதும் பொது வரைபடத்தில் ஏறக் கூடாது. தனியாக இருக்கும் முதியவரின் வாசலைப் புள்ளி வைத்து உலகத்துக்குக் காட்டுவது அவருக்குச் செய்யும் தீங்கு. இத்தகைய வேலைக்குக் கோபோ டூல்பாக்ஸ். யார் பார்க்கலாம் என்பதைக் கணக்கு வாரியாக அமைக்கலாம், ஒரே படிவத்தைத் தமிழிலும் மலாயிலும் வைத்துத் தொட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இதன் இடக்குறிக் கேள்விதான் தொடக்கத்தில் சொன்ன ஜிபிஎஸ் சிக்கலில் மாட்டும். பிசகு 5 மீட்டருக்குள் வந்தால்தான் தானாகப் பதிவாகும் என்பது இயல்பு அமைப்பு. குறுகிய தெருவில் அது வரவே வராது. மாணவர் திரையைப் பார்த்துக்கொண்டே நிற்பார், பேச வந்த அம்மா உள்ளே போய்விடுவார். வரம்பை 10ஆக உயர்த்துங்கள். அதைவிட நல்லது, வரைபடத்தைக் காட்டிக் கையால் இடம் வைக்கவிடும் தோற்றத்தைத் தேர்ந்தெடுப்பது.

எடுத்த தரவை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக இறக்கி நேரே எக்செல்லில் இரட்டைச் சொடுக்கு செய்தால் தமிழ் எல்லாம் குறிகளாகச் சிதறும். தரவு போய்விட்டது என்று பயந்து மறுபடி தெருவுக்கு ஓட வேண்டாம். எக்செல்லின் தரவுப் பட்டியிலிருந்து கோப்பை இறக்குமதி செய்து, குறியாக்கத்தில் 65001 யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் அப்படியே வரும். லிப்ரே ஆபிஸ் திறக்கும்போதே கேட்டுவிடும்.

யூமேப்: தண்ணீர்ப் பந்தலுக்கு ஏற்றது

தைப்பூசத்துக்கு முதல் நாள் லெபு பினாங்கின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படும். வழி நெடுக தண்ணீர்ப் பந்தல்கள். எங்கே நீர் கிடைக்கும், எங்கே முதலுதவி, எங்கே கழிப்பறை, எந்தச் சாலை எப்போது அடைபடும் என்ற வரைபடம் வெளியூரிலிருந்து குழந்தையோடு வருபவருக்குப் பேருதவி. ஆனால் மூன்று நாள் இருக்கும் பந்தலை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் போடக் கூடாது. அது நிலையானவற்றுக்கான இடம். யூமேப்பில் நிலையான வரைபடத்தைப் பின்னணியாக வைத்து, பந்தல்களைத் தனி அடுக்காக மேலே போடலாம். பெயர், அகலாங்கு, நெட்டாங்கு என்று மூன்று பத்தி கொண்ட அட்டவணையை ஏற்றினால் போதும். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வையுங்கள், அது ஏறத்தாழ ஒரு மீட்டர். மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் நூறு மீட்டருக்கு மேல் போய்விடும். நீர் கேட்டு நடப்பவருக்கு அது நீண்ட தூரம்.

கணக்கில்லாமலும் யூமேப்பில் வரைபடம் உருவாக்கலாம். அப்படிச் செய்யாதீர்கள். திருத்துவதற்கான ரகசிய இணைப்பைத் தொலைத்தால் அந்த வரைபடத்தைத் திருத்த வழி இருக்காது, பந்தல் இடம் மாறினாலும் பழைய புள்ளியே நிற்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் கணக்கால் நுழைந்து உருவாக்குங்கள். அடுக்குக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரியுங்கள். அச்சுக்கு மட்டும் இது சரிவராது. கோயில் அறிவிப்புப் பலகைக்கு ஏ1 தாளில் வேண்டுமானால் கியூஜிஐஎஸ்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை வைத்து, பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்தை வடிவமாக மாற்றும் தேர்வைப் போட்டுக் கொடுங்கள். அப்போதுதான் அச்சகத்துக் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறாது.

இந்த நான்கில் ஒன்றை மட்டும் எடுக்க நேரமிருந்தால் எவ்ரி டோர். இரண்டாவதாக யூமேப்பைச் சேர்க்கலாம். கியூஃபீல்டைப் புவியியல் தகவல் முறை ஏற்கெனவே படித்த இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு வையுங்கள். கோபோவைச் சங்கம் கேட்டால் மட்டும் எடுங்கள், தரவை யார் எப்போது அழிப்பார் என்று முதல் சந்திப்பிலேயே எழுதி வையுங்கள். 12ஆம் வாரத்தோடு களப்பணியை நிறுத்திவிட்டு, கடைசி இரண்டு வாரத்தைச் சங்கத்து ஆட்களோடு உட்காருவதற்கு ஒதுக்குங்கள். யூமேப் வரைபடத்தைத் திருத்தக்கூடியவர்கள் பட்டியலில் கோயில் செயலாளரின் கணக்கும் சேர வேண்டும். கடை மூடிவிட்டால் எவ்ரி டோரில் அதை எப்படிக் குறிப்பது என்று கடைக்காரர் ஒருவரின் சொந்தக் கைப்பேசியிலேயே செய்துகாட்ட வேண்டும். அவர் தம் கையால் முதல் திருத்தத்தை ஏற்றும்வரை மாணவர் பக்கத்தில் இருக்கட்டும்.